அபூ செஃபேனுக்கு நேர்ந்த பிள்ளை

படகின் வயிற்றுக்குள் ஏதோ ‘டமார்’ என்று வெடித்தது. இரும்புத் தளம் அதிர்ந்து, கட்டியிருந்த ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. யாருடைய கூடையிலிருந்தோ ஒரு தர்பூசணி உருண்டோடி நைல் ஆற்றில் விழுந்து மிதந்து போயிற்று. எஞ்சின் அறைக் கதவு வழியே கரும்புகை குபுகுபுவென்று வந்தது.

“கலஃபு செத்தாண்டா!” என்று ஒருவன் கத்தினான்.

“சாகல. துக்கம் விசாரிக்க வந்தவங்க அவங்கவங்க எடத்துல உக்காருங்க!” என்று புகைக்குள்ளிருந்தே பதில் வந்தது. பின்னாலேயே படகோட்டி கலஃப் இருமிக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளைத் தலைப்பாகை கரித்துணி மாதிரி ஆகியிருந்தது. முகத்தில் பற்கள் மட்டும்தான் வெளுப்பு.

எஞ்சின் நின்றுவிட்டது. படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு நீரோட்டத்தோடு வடக்கே நழுவியது. கொஞ்ச தூரம் போய், நாணல் முளைத்த ஒரு மணல் திட்டின்மேல் கரகரவென்று ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்தப் பக்கம் எங்கள் கரையின் பேரீச்ச மரங்கள். அந்தப் பக்கம் வெள்ளை மலை. அதன் இடுப்பில் அபூ செஃபேன் மடம். திருவிழாக் கொடிகள் கண்ணுக்குத் தெரிந்தன. போவதற்குத்தான் வழியில்லை.

“ரயிஸ், எப்ப கெளம்பும்?” என்று கிடா வைத்திருந்த வதீ கேட்டான். எங்கள் பக்கம் படகோட்டியை ரயிஸ் என்றுதான் கூப்பிடுவது.

“உன் கெடாவ எறக்கி இழுக்கச் சொல்லு, இப்பவே கெளம்பலாம்.”

“அது நேர்ச்சைக் கெடா. வேல வாங்கக் கூடாது.”

“அப்ப நேந்துக்கிட்டவன் இழு” என்று சொல்லிவிட்டுக் கலஃப் மறுபடியும் புகைக்குள் நுழைந்தார்.

சனங்கள் சிரித்தார்கள். ஒரு சரக்கு வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்த தமியானா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த பிள்ளையின் துணியை விலக்கிப் பார்த்தாள்.

“அக்கா, மறுபடியும் போயிருக்கான். வெறும் தண்ணி.”

பக்கத்திலிருந்த மத்தில்தா குனிந்து பார்த்தாள். அவள் தமியானாவுக்கு மூத்தார் பெண்டாட்டி. புருஷன் ஈராக்கில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவன் அனுப்பிய கைக்கடிகாரத்தைக் குளிக்கும்போதுகூடக் கழற்றாதவள். வாய் நீளம், ஆனால் வீட்டில் ஒருத்திக்குத் தலைவலி என்றால் முதலில் அடுப்பு மூட்டுகிறவளும் அவள்தான்.

“பால் குடுத்துப் பாத்தியா?”

“குடுத்தா அப்படியே கக்கிடுறான். இப்ப வாயே தெறக்க மாட்டேங்கிறான்.”

பிள்ளைக்கு மாசிக் குளிரில் பிறப்பு. இப்போது ஆகஸ்டு பிறக்கப் போகிறது. தலைமுடி பிறந்தது முதல் வெட்டாமல் காதுவரை வளர்ந்து கிடந்தது. காதில் நீல மணி. பேர் ஷஹாத்தா, அதாவது பிச்சை. தமியானா ஏழு வீட்டு வாசலில் கையேந்தித் துணி வாங்கி, அதைத் தைத்துப் போட்டு, அந்தப் பேரைச் சொல்லி வளர்த்துக்கொண்டிருந்தாள். கண் வைக்கிறவர்கள் பிச்சைக்காரன்மேல் கண் வைக்க மாட்டார்கள். உண்மையான பேர் ஞானஸ்நானத்தன்றுதான்.

அந்த ஞானஸ்நானம்தான் இன்னும் ஆகவில்லை.

காரணம் அவளுடைய புருஷன் பிஷாய். திருவிழாத் திருவிழாவாகப் போய் எங்கள் சனங்களின் மணிக்கட்டில் சிலுவை பச்சை குத்துவது அவன் தொழில். ஒரு கார் பாட்டரி, ஒரு ஊசி மெஷின், படங்கள் வரைந்த ஒரு பலகை, இவ்வளவுதான் கடை. அவன் கை பட்டால் குழந்தைகள்கூட அதிகம் அழாது என்று பேர். தமியானாவுக்கு முதல் இரண்டும் பெண் பிள்ளைகள். இரண்டுக்கும் ஊர்க் கோயிலில்தான் தண்ணீர் வார்த்தார்கள். இரண்டும் அடுத்தடுத்த கோடையில் வயிற்றுப்போக்கில் போய்ச் சேர்ந்தன. ‘அந்தத் தண்ணி நம்ம குடும்பத்துக்கு ஆகல’ என்று பிஷாய் முடிவு கட்டிவிட்டான். மூன்றாவது வயிற்றிலிருக்கும்போதே மலை மடத்துக்கு ஏறிப்போய், சந்நிதித் திரையைப் பிடித்துக்கொண்டு அழுது நேர்ந்துகொண்டான். ‘அபூ செஃபேனே, இந்தப் பிள்ளையைக் காப்பாத்திக் குடு. உன் திருநாளன்னிக்கு, உன் தொட்டியிலதான் முழுக்காட்டுவேன். அதுவரைக்கும் வேற எந்தத் தண்ணியும் ஞானஸ்நானம்னு பிள்ள தலையில படாது. உன் பேரத்தான் வெப்பேன்.’

அபூ செஃபேன் என்றால் இரண்டு வாள்காரர். ரோமராஜா சேனையில் இருந்தவர். சிலைக்குத் தூபம் போட மாட்டேன் என்று சொல்லித் தலையைக் கொடுத்தவர். அவருக்கு இரண்டாவது வாளைக் கொடுத்தது வானதூதன். படத்தில் குதிரைமேல் உட்கார்ந்து, தலைக்கு மேலே இரண்டு வாளையும் குறுக்காகப் பிடித்திருப்பார். கேட்டதைக் கொடுப்பார்; கொடுத்த வாக்கை மறந்தவனைச் சும்மா விடவும் மாட்டார். எங்கள் பக்கம் அவர் பேரில் பொய்ச்சத்தியம் செய்ய ஆளில்லை.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னே பிள்ளைக்கு வயிறு போக ஆரம்பித்தது. ஊர்ப் பாதிரியார் வீடு தேடி வந்து, “பிள்ள சோர்ந்திருக்கு. சட்டுனு தண்ணி வார்த்துடுவோம் பிஷாய்” என்றார். பிஷாய் வாசலை மறித்து நின்று, “நேந்தது நேந்ததுதான் சாமி” என்றான். பிறகு கடை போட இடம் பிடிக்க அவன் நேற்றே மடத்துக்குப் போய்விட்டான். பெண்கள் இருவரும் இன்று புறப்பட்டு வருவதாக ஏற்பாடு.

இப்போது மணல் திட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெயில் ஏறியது. தளத்தின் இரும்பு காலைச் சுட்டது. மலைப் பக்கமிருந்து அடித்த காற்றில் சுண்ணாம்புத் தூள் வந்து உதட்டில் ஒட்டியது. சனங்கள் மூட்டைகளைப் பிரித்தார்கள். வெயிலில் புளிக்க வைத்துச் சுட்ட தடித்த ரொட்டி, பழைய பாலாடைக்கட்டி, வெங்காயம், வெள்ளரி. ஒரு மூலையில் யாரோ மத்தளத்தை எடுத்து அபூ செஃபேன் பாட்டை ஆரம்பித்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத சனம்.

தமியானா எழுந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தளத்தின் ஓரம்வரை நடந்தாள். திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

“ஏண்டி, தறியில ஓடுற நாடா மாதிரி இங்கயும் அங்கயும் போயிட்டு வர்ற? தல சுத்துது எனக்கு. உக்காரு.”

“உக்காந்தா மூச்சு விடுறானான்னு பாக்கத் தோணுது அக்கா. நடந்தா தோணல.”

“ஒரு வாய் ரொட்டி தின்னு.”

“எறங்காது.”

“உனக்கு எறங்கலேன்னா அவனுக்குப் பால் எங்கேந்து வரும்? தின்னு. கொழுந்தன் அங்க எவ கையிலயாவது பூப்போட்ட சிலுவை குத்திக்கிட்டு எலுமிச்சம் சர்பத்து குடிச்சுக்கிட்டிருப்பான். நீ எதுக்குப் பட்டினி கெடக்கணும்?”

“அவர ஒண்ணும் சொல்லாதீங்க அக்கா. பயந்துதான் நேந்துக்கிட்டாரு.”

“பயந்தவன் டாக்டர்கிட்ட நேந்துக்கலாம்ல?”

தமியானா குனிந்து துணியை விலக்கினாள். பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிக்குழி பள்ளமாகிவிட்டிருந்தது. கண் பாதி மூடி, வெள்ளை தெரிந்தது. தொடைத் தோலைக் கிள்ளினாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. போன இரண்டையும் இந்தக் கட்டத்தில் பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

“அக்கா.”

“என்ன?”

“இவன் போயிட்டான்னா?”

“வாயக் கழுவு.”

“இல்ல, கேக்குறேன். என் பொண்ணுங்க ரெண்டும் தண்ணி வாங்கிட்டுப் போச்சுங்க. வெளிச்சத்துல இருக்குங்க. அத நெனச்சுத்தான் நான் சோறு திங்கிறேன். இவன் இப்படியே போனா இருட்டுக்குள்ளதான போவான்? கண்ணு தெரியாம. அக்காளுங்க இருக்குற எடத்துக்கு இவனுக்கு வழி தெரியுமா? பேருகூட இல்ல. யாரு என்னன்னு கூப்பிடுவாங்க? பிச்சைன்னா?”

மத்தில்தா எழுந்துபோய்க் கூட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள்.

“படகுல ஒரு சாமியார்கூட இல்ல. நேத்தே எல்லாரும் மேல ஏறிட்டாங்களாம். தேவைப்படாதப்ப வீட்டுக்கு வீடு வந்து நிப்பாங்க.”

“அந்தியோக்கியாக்காரி என்ன செஞ்சா?” என்றாள் தமியானா.

“எவ?”

“கப்பல்ல போனாளே. கோயில்ல வாசிப்பாங்களே.”

மத்தில்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கதை எங்கள் சனங்களில் எல்லாருக்கும் தெரியும். அந்தியோக்கியா ஊர்க்காரி ஒருத்தி தன் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கப்பலேறி அலெக்சாந்திரியாவுக்குப் போகிறாள். நடுக்கடலில் புயல். பிள்ளைகள் முழுக்குப் பெறாமல் செத்துவிடுமோ என்று பயந்து, தன் மார்பைக் கீறி, அந்த இரத்தத்தால் அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு, கடல் தண்ணீரிலேயே முக்கி எடுக்கிறாள்.

“அது கதைடி!”

“கோயில்ல வாசிக்கிறாங்க.”

“சிங்கத்துக் குகையில மனுஷனப் போட்டதையும்தான் வாசிக்கிறாங்க. நீ போயி சிங்கத்தோட படுப்பியா? பொம்பள முழுக்காட்டக் கூடாது. அதுக்கு மேல உன் புருஷன் நேந்திருக்கான். வேற தண்ணி படாதுன்னு வாள்காரருகிட்ட வாக்குக் குடுத்திருக்கான். நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா ‘நீதான் வாக்க ஒடச்ச, நீதான் கொன்ன’ன்னு ஆயுசுக்கும் சொல்லுவான். அப்புறம் அந்த வீட்டுல உன்னால குடியிருக்க முடியுமா?”

“முடியாது.”

“தெரியுதுல்ல?”

“தெரியுது. துணியப் பிடிங்க.”

பிள்ளை ஒரு விக்கல் விக்கிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டது. மத்தில்தா அதைப் பார்த்தாள். தன் கறுப்புப் போர்வையை அவிழ்த்து, வண்டிக்கும் படகு விளிம்புக்கும் நடுவே திரையாகப் பிடித்தாள்.

பிஷாய்க்குக் கொண்டுபோக வேண்டிய புது ஊசிகள் தமியானாவின் இடுப்பு முடிச்சில் இருந்தன. ஒன்றை எடுத்தாள். திரும்பி உட்கார்ந்து, சட்டைக்குள் கைவிட்டுக் குத்தினாள். ஆழமாகவே குத்தினாள். வந்த இரத்தத்தை விரலில் தொட்டுப் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டாள். படகுப் படியில் இறங்கினாள். ஆறு முழங்கால்வரை வந்தது. பச்சைத் தண்ணீர்; குளிர்ந்திருந்தது.

“மர்கோரியோஸ்” என்றாள். அபூ செஃபேனுக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் அதுதான். “பிதாவின் பேராலே...” முக்கினாள். “சுதன் பேராலே...” முக்கினாள். “பரிசுத்த ஆவியின் பேராலே.”

மூன்றாவது முக்கலில் பிள்ளை மூச்சுத் திணறி, வறண்ட தொண்டையால் வீலென்று கத்தியது. காலையிலிருந்து அது போட்ட முதல் சத்தம்.

அந்தச் சத்தத்தில்தான் எஞ்சின் அறையிலிருந்து கலஃப் தலையை நீட்டினார். கறுப்புத் திரையையும் நனைந்த பிள்ளையையும் பார்த்தார். அவர் முஸ்லிம், பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

“பிள்ளைக்கு என்ன மகளே?”

“வயிறு போகுது ரயிஸ். வாந்தியும்.”

“எப்பேந்து?”

“முந்தாநாளேந்து.”

“முந்தாநாளேந்தா! அத என்கிட்ட சொல்லாம மத்தளம் அடிச்சிட்டிருந்தீங்களா?” உள்ளே ஓடினார். தேயிலை டப்பாவைக் கவிழ்த்து, அடியிலிருந்து கசங்கின ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்தார். “என் பேத்திக்கு வாங்குனதுல மிஞ்சுனது. உப்புச் சர்க்கரைக் கரைசல். டிவியில தெனம் காட்டுறானே, பாக்கல நீங்க?”

“எங்க வீட்டுல டிவி இல்ல” என்றாள் தமியானா.

“எங்க வீட்டுல இருக்கு” என்றாள் மத்தில்தா, முதல் தடவையாகக் குரல் இறங்கி. “அதுக்கு ஒரு பாட்டு வரும். நான் பாட்டத்தான் கேட்டேன்.”

கலஃபின் தேநீர் அடுப்பில் கொதித்து ஆறிய தண்ணீர் இருந்தது. அதில் கரைத்தார்கள். தேக்கரண்டியால் ஒவ்வொரு சொட்டாக. முதல் கரண்டி வெளியே வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதை நாக்கு தொட்டது. “அவசரப்படாத. சொட்டுச் சொட்டா விடு. கக்கினா கொஞ்ச நேரம் விட்டு மறுபடி குடு. பாலையும் நிறுத்தாத” என்று எஞ்சின் அறையில் இருந்தபடியே கலஃப் அதட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் சுண்ணாம்புக் கல் ஏற்றிய ஒரு படகு வந்து கயிறு கொடுத்து இவர்களை இழுத்தது. அதற்குள் பிள்ளை ஒரு தம்ளர் குடித்திருந்தது. ஒருமுறை சிறுநீரும் விட்டது. தமியானா தன் மடி நனைந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள்.

கரையில் கால் வைத்ததுமே மத்தில்தா அவளை ஓரமாக இழுத்தாள்.

“இங்க பாரு. நடந்தது அந்தத் திட்டோட போச்சு. உனக்கும் எனக்கும்தான் தெரியும். கலஃபுக்கு என்ன நடந்துச்சுன்னே புரிஞ்சிருக்காது. மேல போறோம், சாமியார் முக்குறாரு, கொழுந்தன் மத்தளம் அடிக்கிறான், சாப்பிடுறோம், வீட்டுக்கு வர்றோம்.”

“ரெண்டாந்தடவ முக்கக் கூடாது அக்கா.”

“யாருக்குத் தெரியும்?”

“தண்ணிக்குத் தெரியும்.”

மத்தில்தாவுக்குப் புரிந்தது. கப்பல்காரிக் கதை அங்கே முடிவதில்லை. அவள் கரையேறி, பிள்ளைகளைத் தலைமைக் குருவிடம் கொண்டுபோகிறாள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணீராக இருந்த தொட்டி, அவள் பிள்ளையைத் தூக்கியதும் கல்லாக உறைந்துபோகிறது. இறக்கினால் தண்ணீர், தூக்கினால் கல். ஆண்டவர் ஒருதடவை கொடுத்ததை மனுஷன் இரண்டாந்தடவை கொடுக்க முடியாது என்பதற்கு அடையாளம்.

“அது அந்தக் காலம். இந்த வெயில்ல தண்ணி எங்கடி உறையும்?” என்றாள் மத்தில்தா. சொன்னவளுக்கே குரலில் தெம்பில்லை.

மடத்துச் சரிவு முழுக்கக் கூடாரம். பொரித்த கடலை வாசனையும் ஆட்டு இரத்த வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தன. ஊஞ்சல் தோணிகள், ஒலிபெருக்கி, சங்கீதப் பாட்டு, காணாமல் போன பிள்ளைகளின் அறிவிப்பு. படப்பலகைக்குக் கீழே பிஷாய் ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் பாதிச் சிலுவையில் எழுந்து ஓடி வந்தான்.

“என்ன ஆச்சு? காலைல வரவேண்டியவங்க! ஆத்துல படகு நின்னுருச்சுன்னாங்க, என் உசுரே...” பிள்ளையை வாங்கி முகத்தோடு முகம் வைத்தான். கையிலிருந்த மை பிள்ளையின் கன்னத்தில் ஒட்டியது. “கண்ணு தெளிஞ்சிருக்கே! சூடு இல்லையே! தமியானா, பாத்தியா? மலையில காலெடுத்து வெச்சதும் வாள்காரரு கைய வெச்சுட்டாரு! நான் சொன்னேன்ல? சொன்னேன்ல அண்ணி?”

“சொன்ன, சொன்ன” என்றாள் மத்தில்தா.

“ஏங்க, ஒரு விஷயம்” என்று தமியானா ஆரம்பித்தாள்.

“பிஷாய்! என் கையில பாதிச் சிலுவ நிக்குது! நான் என்ன பாதிக் கிறிஸ்தவளா?” என்று அந்தப் பெண் கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். “வர்றேம்மா, வர்றேன். தமியானா, நீங்க போயி வரிசையில நில்லுங்க. மத்தளத்துக்கும் குழலுக்கும் சொல்லி வெச்சிருக்கேன். பவனிக்குக் கரெக்டா வாசல்ல நிப்பேன்!”

வரிசை முற்றத்தைச் சுற்றி வளைந்திருந்தது. எல்லாம் நேர்ந்த பிள்ளைகள். வெள்ளை அங்கி, தலையில் ஜிகினாக் கிரீடம், வியர்வை, அழுகை. ஒவ்வொரு தாயும் பிள்ளையை இடது கையில் ஏந்தி, மேற்கே திரும்பிச் சாத்தானை மறுத்துச் சொல்லிவிட்டுக் கிழக்கே திரும்பி விசுவாசம் சொன்னாள். ‘ஒரே ஞானஸ்நானத்தை விசுவசிக்கிறேன்.’ அந்த வரி வரும்போதெல்லாம் தமியானா கால் மாற்றி நின்றாள். கழுத்தை எக்கித் தொட்டியைப் பார்த்தாள். தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

“போயிரலாமா?” என்றாள்.

“எங்க போற? பின்னால பாரு, ஊரே நிக்குது.”

“வயித்தக் கலக்குது அக்கா.”

“உனக்குமா? ஒரு பொட்டலம் வாங்கி வெச்சிருக்கலாம்.”

வரிசை நகர்ந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் அபூனா மத்யாஸ் சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு நின்றார். மடத்துக்கு மூத்த பாதிரியார் அவர்தான். காலையிலிருந்து முக்கி முக்கித் தோள் வலி; தொண்டை கட்டியிருந்தது; தாடியெல்லாம் ஈரம். “சீக்கிரம், சீக்கிரம். பிள்ள பேரென்ன?” என்று கையை நீட்டினார்.

தமியானா பிள்ளையைக் கொடுக்கவில்லை.

“பேரென்னம்மா?”

“மர்கோரியோஸ். வெச்சாச்சு, அபூனா.”

“வெச்சாச்சுன்னா?”

“ஆத்துல. படகு நின்னுருச்சு. போயிருவான்னு நெனச்சேன். கப்பல்காரி செஞ்ச மாதிரி செஞ்சுட்டேன்.” பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “என்னய என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவன ரெண்டாவது தடவ முக்காதீங்க. தண்ணி கல்லாயிருச்சுன்னா எல்லாரும் பாப்பாங்க.”

மத்தில்தா கண்களை இறுக மூடிக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் “என்னவாம்? என்னவாம்?” என்று முண்டினார்கள்.

அபூனா கையைத் துண்டில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“எப்படிச் செஞ்ச?”

சொன்னாள். ஊசியையும் சொன்னாள்.

“யாரு பேரச் சொல்லி?”

“மூணு பேரையும் சொல்லி.”

“சட்டப்படி அது செல்லாதும்மா. பட்டம் வாங்காத கை அது.” தொண்டையைக் கனைத்தார். “ஆனா வருஷா வருஷம் அந்தக் கதைய இங்க நின்னு வாசிக்கிறவன் நான்தான். வாசிக்கிறப்ப எனக்கே கண் கலங்கும். அதே வாயால உன்கிட்ட எப்படிச் செல்லாதுன்னு சொல்ல? இங்க கொண்டா.”

தமியானா இரண்டடி பின்வாங்கினாள்.

“முக்கல! தைலம் மட்டும்தான். அந்தத் தலைமைக் குரு என்ன செஞ்சாரோ அதத்தான் நானும் செய்யப் போறேன்.” தைலக் குப்பியை எடுத்து நெற்றி, கண், மூக்கு, காது, நெஞ்சு, மூட்டு என்று பிள்ளையின் உடம்பெல்லாம் சிலுவை போட்டார். முகத்தில் ஊதினார். பிள்ளை தும்மியது. வெள்ளை அங்கி மாட்டி, சிவப்பு நாடாவைத் தோளுக்குக் குறுக்கே கட்டினார். அப்புறம் குனிந்து, “ஒரு விஷயம். வெளிய நிக்கிறவன்கிட்ட நீதான் சொல்லணும். அது என் வேல இல்ல” என்றார். உடனே நிமிர்ந்து, “அடுத்தது! பேரென்ன?” என்று கட்டின தொண்டையால் கத்தினார்.

வாசலில் மத்தளக்காரனும் குழல்காரனும் தயாராக நின்றார்கள். பிஷாய் முகம் கழுவி, புதுத் தலைப்பாகை கட்டியிருந்தான். தமியானா வெளிச்சத்துக்கு வந்ததும் குழல் ஒரு இழுப்பு இழுத்தது.

“நிறுத்தச் சொல்லுங்க” என்றாள் அவள்.

“ஏன்? பாப்பா பயப்படுவானா?” பிள்ளையை வாங்கினான். வழக்கம்போலத் தலையில் முத்தம் கொடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். முடியைத் தடவினான். “காஞ்சிருக்கு.”

மத்தில்தா முந்திக்கொண்டாள். “வெயில்தான? அதுக்குள்ள...”

“நீங்க இருங்க அக்கா” என்றாள் தமியானா. மத்தில்தா இருந்தாள்.

“தொட்டியில முக்கல. நான் விடல. காலைல ஆத்துல நானே முக்கிட்டேன். விக்கல் வந்துச்சு, தல தொங்கிருச்சு. படகுல சாமியார் இல்ல. நீங்களும் இல்ல. நானே ரத்தத்தால சிலுவ போட்டு, நீங்க நேந்த பேரயே சொல்லி, மூணு முக்கு முக்கிட்டேன். அதுக்கப்புறம் கலஃபு மருந்து குடுத்தாரு, குடிச்சான். எதால பொழைச்சான்னு எனக்குத் தெரியாது. உங்க வாக்க ஒடச்சது நான்தான். வாள்காரருகிட்ட அபூனாவ வெச்சு என்ன அபராதம் கட்டணுமோ கட்டுறேன்.”

மத்தளக்காரன் குச்சியை அந்தரத்தில் பிடித்தபடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிஷாய் மடத்து வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தான். பிள்ளையைத் தொடைமேல் கிடத்திக்கொண்டான். பார்வை சரிவுக்குக் கீழே, ஆற்றுப் பக்கம் இருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குழந்தையின் அடையாளங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீலப் பாவாடை, ஒரு கால் செருப்பு இல்லை.

“திட்டுறதுன்னா இங்கயே திட்டிருங்க” என்றாள் தமியானா. “வீட்டுக்குப் போனப்புறம் வேணாம். தெனம் ஒரு பார்வை பாக்குறதும் வேணாம். இப்பவே ஒரேயடியா சொல்லிருங்க. என்னால இந்த மாதிரி நின்னுக்கிட்டே இருக்க முடியல.”

அவன் பிள்ளையின் உள்ளங்கையை விரித்தான். அது அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது.

“நான் இங்க கெளம்புன அன்னிக்கு விடியக்காலைல, நீ அசந்து தூங்கிட்டிருந்தப்ப, ஒரு செம்புத் தண்ணிய மொண்டுக்கிட்டு வந்து நானும் இவன் தலையில ஊத்திரலாம்னு தலமாட்டுல நின்னேன் தமியானா,” என்றான். “கை வரல எனக்கு, அதான் உன் மொகத்தக்கூடப் பாக்காம ஓடி வந்துட்டேன்.”